பெரியவனானால் என்ன ஆவாய்?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



"சம்பள ஒப்பந்தத்தைப் பற்றி மற்றவர்கள் பேசுவார்கள், நீங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் நமக்குச் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டோம். ஆனால் இரண்டு நாளாக யோசித்ததில், இரண்டும் ஒரே பேச்சுத்தான் என்று நமக்குப் படுகிறது. எப்படி ஒன்று என்பதைக் கூறவே இப்பொழுது உங்கள் முன் நிற்கிறோம்.

நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாம் நான்காம் வகுப்புப் படித்தது 1999ஆம் ஆண்டில். வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். ஒரு நாள் வாத்தியார் கரும்பலகையில் 'நான் பெரியவனானால்' என்று கட்டுரைத் தலைப்பு எழுதிப்போட்டார். ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து வாசித்தோம். நால்வர் டாக்டர் ஆவோம் என்றனர். மூவர் ஆசிரியர். இருவர் போலீஸ். ஒருவர் வக்கீல். சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தலைக்குமேல் போகும் விமானங்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பையன், விமானம் ஓட்டுவேன் என்று எழுதியிருந்தான். இன்னொருவன், லாரி ஓட்டுவேன் என்றான். ஒரு பெண் பிள்ளை, "நான் கடை வைப்பேன், என் அம்மாவை வேலைக்குப் போகாமல் வீட்டில் வைத்துக்கொள்வேன்" என்று வாசித்தாள். பதினான்காவது ஆள் நாம். கிராணியாவேன் என்று எழுதியிருந்தோம். வகுப்பே சிரித்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. "பால் வெட்டுவேன் என்று ஒருவரும் எழுதவில்லையே?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தோம். தோழர்களே, நாங்கள் அவ்விதம் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எங்களைப் பெற்றவர்கள் மலைத் தீம்பாரில் வாளியும் காண்டாவுமாகப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதினான்கு பேரும் இன்று என்ன ஆனார்கள்? சங்கக் கூட்டத்தில் கணக்குச் சொல்வது வழக்கமாதலால் இந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இருவர் கிள்ளானில் லாரி ஓட்டுகிறார்கள். மூவர் தொழிற்சாலையில். இருவர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். டாக்டர் ஆவேன் என்றவர்களில் ஒருவர் தாதியாக இருக்கிறார். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒருவர் அடுக்குமாடி வாசலில் காவல் வேலை. ஒருவர் இருபத்துநான்கு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மாண்டார். ஒருவர் எங்கே இருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. விமானம் ஓட்டுவேன் என்றவர் இந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டுகிறார். இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம். "தாராளமாகச் சொல்லுங்கள் கிராணியாரே, விமானம் இன்னமும் நம் நிரைக்கு மேலேதான் போகிறது" என்றார். மிச்சமிருப்பவர் நாம்.

எழுதியபடியே ஆனவர்கள் மூன்றே பேர். லாரி கேட்டவர் லாரி பெற்றார், ஆசிரியை ஆனார் ஒருவர், கிராணியானோம் நாம். மற்ற பதினொருவர் எழுதியது ஒன்று, ஆனது ஒன்று. இதை விதி என்று சொல்லிவிடலாமா? சோம்பல் என்று சொல்லிவிடலாமா? இரண்டும் எளிதான பதில்கள். எளிதான பதிலால் தோட்டத்தில் எவருக்கும் ஒரு காசு கூடியதில்லை.

நம் சிற்றறிவுக்கு எட்டியவரை, பிள்ளையாயிருந்தபோது எண்ணியதற்கும் பெரியவரான பின் கண்டதற்கும் நடுவே மூன்று வகைப் பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்று அறியாமையால் ஏற்படுவது. மற்றொன்று நம் கையாலேயே வெட்டிக்கொள்வது. மூன்றாவது, பிறர் போட்டுவைத்த ஏற்பாட்டினால் வருவது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், கோபப்பட வேண்டிய இடத்தில் அழுகிறோம். திருந்த வேண்டிய இடத்தில் கோபப்படுகிறோம்.

அறியாமைப் பள்ளம்

பிள்ளைப் பருவத்தில் பெரியவர்களென்றால் எல்லாம் தெரிந்தவர்கள் என்று எண்ணினோம். பயம் என்பது சிறுவர்களுக்கு உரியது, மீசை வந்தவர்களுக்குப் பயமில்லை என்று நம்பினோம்.

நமக்குப் பத்து வயதிருக்கும்போது, தந்தையார் மாலை வேளைகளில் சில கடிதங்களை எடுத்துவந்து நம்மிடம் கொடுப்பார். "படி, பார்ப்போம்" என்பார். ஊழியர் சேமநிதியிலிருந்து வந்த கணக்குக் கடிதம், பேருந்து அளவு நீளமுள்ள மலாய்ச் சொற்களோடு இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்போம். "அதற்கு என்ன அர்த்தம்?" என்பார். தெரிந்ததைச் சொல்வோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, கடிதத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைப்பார். நம் படிப்பைச் சோதிக்கிறார் என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அது சோதனையன்று. ஆறாம் வகுப்புவரை தமிழ்ப்பள்ளியில் படித்தவர் அவர். மலாய் பேசுவார், சந்தையில் பேரம் செய்வார். ஆனால் அரசாங்கக் கடிதத்தின் நடை அவருக்கு எட்டாது. தம் முப்பதாண்டு உழைப்பின் கணக்கை அறிந்துகொள்ள, பத்து வயதுப் பையனைத்தான் அவர் நம்பியிருந்தார். கேட்கக் கூச்சம், ஆகவே சோதிப்பதுபோல் கேட்டார். இது நமக்கு விளங்கியபோது வயது இருபத்திரண்டு. அலுவலகத்தில் பிறருடைய கடிதங்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு முதியவர் இதேபோல், "உங்களுக்குப் படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்போம்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கடிதத்தை நீட்டினார். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த முதற்பள்ளம் எல்லாருக்கும் உண்டு. முதலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள், தன் தகப்பனாருக்கும் பயம் உண்டு என்று அறியத்தான் செய்கிறது. அதைப் பெரிய துன்பமென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: தெரியாததைத் தெரியாது என்று பிள்ளையிடம் சொல்வதில் தகப்பனுக்கு இழுக்கில்லை. "எனக்கு இது புரியவில்லை, நீயும் நானும் சேர்ந்து படிப்போம்" என்று நம் தந்தையார் சொல்லியிருந்தால், சேமநிதியைப் பற்றி நாம் பத்து வயதிலேயே கற்றிருப்போம். அவரும் கூச்சத்தைத் தனியே சுமந்திருக்க மாட்டார்.

நாமே வெட்டிய பள்ளம்

இனி இரண்டாவது. இதைப் பேசினால் சிலர் முகம் சுளிப்பார்கள். சங்க மேடையில் முதலாளியைத்தான் குறை கூற வேண்டும், நம்மவரைக் கூறக்கூடாது என்பார்கள். நம் வீட்டுக் குப்பையை நாம் கூட்டாமல், எதிர்வீட்டு வாசலைப் பற்றிப் பேசினால் எவர் மதிப்பார்?

எங்களோடு படித்தவர்களில் ஐந்து பேர் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டார்கள். பதினைந்து வயது. தொழிற்சாலை வேன் சாலை முனையில் வந்து நின்றது. கையில் காசு கிடைத்தது. தாய் தகப்பனும் தடுக்கவில்லை. பால் வெட்டும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாத தொழில் நியாயம் ஒன்றுமில்லை. கன்று நட்ட பின் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் எவராவது கத்தி வைப்பார்களா? மரத்தைச் சுற்றி அளந்து பார்த்து, போதிய பருமன் வந்த பின்னரே முதல் வெட்டுப் போடுகிறோம். பிஞ்சில் வெட்டினால் மரம் தேறாது, பட்டை கெட்டுவிடும் என்று கங்காணி முதல் துரை வரை எல்லாருக்கும் தெரியும். மரத்துக்கு இந்தப் பொறுமை காட்டுகிற நாம், பிள்ளைக்குக் காட்டினோமா?

இன்னும் சொல்கிறோம். ஒரு கலியாணத்துக்கு மூன்றாண்டுச் சம்பளத்தைக் கடன் வாங்குகிறோம். சம்பளத்தன்று மாலையே பாதிச் சம்பளத்தைப் பாட்டிலில் விட்டுவிட்டு வருபவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். வட்டிக்காரனிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

நாம் மட்டும் யோக்கியரோ என்று கேட்பீர்கள். கேட்பது நியாயம். நாம் கிராணி வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஏழாண்டுத் தவணையில் ஒரு கார் வாங்கினோம். தோட்டத்துக்குள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அரை மைல். நடந்து போகலாம். ஆனால் கிராணியார் நடந்து போவதா? அந்த ஏழு ஆண்டுகளும் மாதம் பிறந்தால் முதலில் கார், பிறகுதான் மற்றதெல்லாம். அந்தப் பணம் ஒரு வீட்டுக்கு முன்பணமாகியிருக்கும். கார் இன்று துருப்பிடித்து நிற்கிறது. இந்தப் பள்ளத்தை வேறு எவரும் நமக்கு வெட்டவில்லை. மண்வெட்டி நம் கையில்தான் இருந்தது.

ஏற்பாட்டால் வந்த பள்ளம்

மூன்றாவது பள்ளத்துக்கு வருவோம். இதற்காகத்தான் சங்கம்.

நாம் ஏன் கிராணியாக ஆசைப்பட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். சம்பள நாளன்று தாயாரோடு அலுவலகத்துக்குப் போவோம். சன்னலுக்கு அப்பால் கிராணியார் உட்கார்ந்து பேர் கூப்பிட்டுப் பணம் எண்ணிக் கொடுப்பார். அவரே சம்பளம் கொடுக்கிறார், அவர் நினைத்தால் கூடக் கொடுக்கலாம் என்று எண்ணினோம். நாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு நிறையக் கொடுக்கலாம் அல்லவா? பத்து வயதுப் பையனுடைய கணக்கு அது.

2011ஆம் ஆண்டு நாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தோம். அது வருடக் கடைசி, மழைக்காலம். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் பெய்து மரம் நனைந்துவிட்டால், வெட்டுகிற பால் மங்கில் விழாது. பட்டையெங்கும் வழிந்து வீணாகும். பெரட்டுக்கு வந்தவர்கள் கொட்டகையில் காத்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்புவார்கள். அந்நாளில் நம் தோட்டத்திலிருந்த முறைப்படி, வெட்டு நின்ற நாளுக்குப் பேர் இல்லை. அந்த மாதம் அவ்விதம் பல நாட்கள். செக்ரோலை நிரப்பிக்கொண்டு வருகையில், நம் தாயாரின் பெயர் வந்தது. கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஜனவரியில் பள்ளி திறக்கும். அக்காள் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் சீருடையும் பாட்டிதான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அன்றிரவு சோறு போடும்போது தாயார் கேட்டார்: "ஏம்பா, பெரட்டுக்கு வந்து நனைஞ்சமே, அந்த ரெண்டு நாளுக்காவது அரைப் பேரு போடக்கூடாதா?"

போட முடியாது என்றோம். அம்மாவுக்குப் போட்டால் மற்ற அறுபது பேருக்கும் போட வேண்டும். அறுபது பேருக்கும் போட நமக்கு அதிகாரமில்லை. அம்மாவுக்கு மட்டும் போட்டால் அது திருட்டு. இதையெல்லாம் சொன்னோம். சொன்னது சரிதான். தாயார் ஒன்றும் பேசவில்லை. குழம்பு ஊற்றிவிட்டு உள்ளே போனார். இவ்வளவு ஆண்டுகளுக்குப் பின்னும், அன்று சொன்ன சொல்லில் தவறு ஒன்றும் நமக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சோறு இறங்கியதாகவும் நினைவில்லை.

பேனா கையிலிருப்பதாலேயே எவனும் சம்பளத்தைத் தீர்மானிப்பவன் ஆகிவிடுவதில்லை என்பதை அன்று அறிந்தோம். நனைந்த நாளுக்குக் காசு உண்டா இல்லையா என்பது செக்ரோலில் எழுதப்படுவதில்லை. அது ஒப்பந்த மேசையில் எழுதப்படுகிறது. அந்த மேசைக்கு எதிர்ப்பக்கம் நம் ஆட்கள் உட்கார வேண்டுமானால் சங்கம் வேண்டும். அடுத்த மாதமே நாம் சந்தா கட்டினோம். சிப்பந்திகளுக்கு ஒரு சங்கம், தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் என்று பெயர்ப் பலகை இரண்டாயிருக்கலாம். மழை இரண்டு கூரைமேலும்தான் பெய்கிறது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பிறந்தது லயத்து வீட்டில். அதை "நம் வீடு" என்றே சொல்லி வளர்ந்தோம். தந்தையார் பின்புறம் ஒரு முருங்கை வைத்திருந்தார். தாயார் வாசலில் கோலம் போட்டார். அது நம் வீடன்று, வேலையோடு ஒட்டிய வீடு என்று எவரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. 2018ஆம் ஆண்டு தாயாருக்கு அறுபது வயது நிறைந்தது. வீட்டை ஒப்படைக்கும்படி ஓய்வு பெறுவோருக்கு அனுப்பும் கடிதத்தைத் தட்டச்சு செய்வது கிராணியின் வேலை. நம் தாயாருக்கான கடிதத்தையும் நாமே தட்டினோம். கொண்டுபோய்க் கொடுத்து, மலாயில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னோம். நாற்பதாண்டு குடியிருந்த வீடு. தாயார் கேட்டது ஒன்றே: "முருங்கையை என்னப்பா செய்யிறது?"

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நம் குவார்ட்டர்ஸ் பின்புறம் ஊன்றினார். அது தழைத்துவிட்டது. ஆனால் தோழர்களே, நாம் ஓய்வு பெறும் நாளில் அந்தக் குவார்ட்டர்ஸையும் ஒப்படைக்கத்தான் வேண்டும். தோட்டத்தில் தொழிலாளிக்குத் தரும் வீடு எப்படியிருக்க வேண்டும் என்று அளவு சொல்ல 1990ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. வேலை முடிந்த பின் அந்தத் தொழிலாளி எங்கே போவது என்று அது சொல்லவில்லை. உழைத்த மண்ணில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை என்பது நம் தாயாருடைய குற்றமா? அவர் குடிக்கவில்லை, கடன் வாங்கவில்லை, ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தவில்லை. இதுதான் மூன்றாவது பள்ளம்.

பள்ளம் நிரம்பியதுண்டா?

இந்தப் பள்ளம் நிரம்பாது என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவை என்ன? கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். அன்றைய அரசாங்கம் துப்பாக்கியால் பதில் சொன்னது; உயிர்கள் போயின. ஆனால் இன்று துரையைக் கண்டு சைக்கிளைவிட்டு இறங்குபவர் உண்டா? இந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததென்றே தெரியாது. பள்ளம் நிரம்பிய இடத்தில் புல் முளைத்துவிடுகிறது. அங்கே பள்ளமிருந்ததையே நாம் மறந்துவிடுகிறோம்.

1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954இல் தனித்தனியே கிடந்த சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்று, தொழிலாளர் வீதியில் நின்ற காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பால் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரரானார்கள்.

2013ஆம் ஆண்டு ஜனவரியில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற சட்டம் அமலுக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. அதே ஆண்டு ஜூலையில் ஓய்வு வயது 60 ஆயிற்று. 2016இல் 1,000 வெள்ளி, 2019இல் 1,100. 2020 பிப்ரவரியில் என்ன நடந்தது என்பதை மறக்காதீர்கள். மாநகர், நகராட்சி எல்லைக்குள் வேலை செய்பவர்களுக்கு 1,200 என்றும், மற்ற இடங்களில் 1,100 என்றும் பிரித்தார்கள். நகரத்துக்கு வெளியே இருக்கும் தோட்டக்காரன், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாதம் 100 வெள்ளி குறைவாகவே வாங்கினான். தோட்டத்துக் கடையில் அரிசி விலை குறைவா? பிள்ளையின் பேருந்துக் கட்டணம் குறைவா? 2022 மே மாதம் 1,500 ஆனபோதுதான் அந்தப் பிரிவினை பெரும்பாலும் நீங்கியது. 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. இவை எவரும் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல. கேட்டவர்கள் இருந்தார்கள், ஆகவே வந்தது.

பக்கத்து நிரையில் வெட்டும் வங்காளதேசத் தோழரையும், இந்தோனேசியத் தோழரையும் இதில் மறந்துவிடக் கூடாது. அவர் குறைந்த கூலிக்கு வந்ததால்தான் நமக்குக் கூடவில்லை என்று பேசுவது சுலபம். நம் பாட்டனையும் ஒரு காலத்தில் அதற்குத்தான் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவரும் ஊரில் ஒரு பிள்ளைக்கு ஏதோ வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவருக்கும் நமக்கும் ஒரே சட்டச் சம்பளம் கிடைத்தால்தான் இருவருக்கும் காப்பு.

இனி என்ன செய்வது?

பேச்சோடு போகாமல், மூன்று காரியங்களைக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, சம்பளச் சீட்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வீட்டிலிருந்தால், மாதம் ஒரு முறை சம்பளச் சீட்டை அதன் முன் விரித்துவைத்து இருவரும் சேர்ந்து படியுங்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம், சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு என்று பிள்ளை அறியட்டும். பிள்ளையின் மனம் வாடிவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். கணக்கு தெரியாமல் வளரும் பிள்ளைதான் பிற்காலத்தில் வாடுகிறது.

இரண்டாவது, வீடு. ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். மாதம் 1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளி. முதலாளி பங்கு நூற்றுக்கு 13, அதாவது 221 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 408 வெள்ளி. 2024 மே மாதத்திலிருந்து, ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தப் பணம் மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. நூற்றுக்கு 75 ஓய்வுக்காலக் கணக்கில் சேரும். 15 நல்வாழ்வுக் கணக்கில், மலாயில் செஜாத்ரா என்கிறார்களே அதில், சேரும். வீடு வாங்க எடுக்கக்கூடியது அந்தப் பணம். 10 எப்பொழுது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்கில் சேரும். நல்வாழ்வுக் கணக்குக்கு மாதம் 61 வெள்ளி 20 காசு போகிறது. ஆண்டுக்கு 734 வெள்ளி 40 காசு. இருபது ஆண்டில், ஈவுத்தொகை நீங்கலாக, 14,688 வெள்ளி.

இது போதுமா? போதாது. இதை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் வீட்டை நினைப்பவனுக்கும், முப்பது வயதில் நினைப்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. எப்பொழுதும் எடுக்கலாம் என்ற கணக்கிலுள்ள பணத்தைத் திருவிழாச் செலவுக்கு எடுக்காமல், மற்றக் கணக்குக்கு மாற்றவும் வழியிருக்கிறது. மிச்சப் பள்ளத்தைத் தனி ஆளால் நிரப்ப முடியாது. ஓய்வு பெறும் தொழிலாளிக்கு வாங்கக்கூடிய விலையில் ஒரு வீடு என்ற கோரிக்கையை ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு கிளையும் தீர்மானமாக அனுப்ப வேண்டும். இன்று நம் கிளை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைகளின் படிப்பு. ஐந்தாம் படிவம் முடியுமுன் எந்தப் பிள்ளையையும் வேலைக்கு அனுப்புவதில்லை என்று இந்தத் தோட்டத்துப் பெற்றோர்கள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். பணமுடையால் நிற்கப்போகும் பிள்ளை எதுவென்று கிளைக்குச் சொல்லுங்கள். எல்லாருக்கும் உதவக் கிளையிடம் பணமில்லை. ஆனால் எந்த உதவித்தொகைக்கு எந்த மனு, எந்தத் தேதிக்குள் என்று விசாரித்து எழுதித் தரக் கிராணிகள் இருவர் இருக்கிறோம். பேனாவால் சம்பளத்தைக் கூட்ட முடியவில்லை. மனுவையாவது ஒழுங்காக எழுதுவோம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

கடைசியாக ஒன்று. இவ்வளவு கேட்ட பின், "அப்படியானால் பிள்ளைகள் ஆசைப்படக் கூடாது என்கிறீர்களா?" என்று ஒரு தாய் கேட்கலாம். அப்படிச் சொல்லவில்லை, அம்மா. விமானம் ஓட்டுவேன் என்று எழுதியவன் தவறாக எழுதவில்லை. அந்த ஆசைக்கும் இந்த லயத்துக்கும் நடுவே எத்தனை படிகள், ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு செலவு, எந்தத் தேர்வு, எந்த வயது என்று அவனுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை. "நன்றாகப் படி, டாக்டர் ஆகலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அது ஏணியைக் காட்டாமல் கூரையைக் காட்டியது போலாயிற்று.

பால் வெட்டுவேன் என்று எவரும் எழுதவில்லை என்று வாத்தியார் கேட்டாரே, அந்தக் கேள்வியையும் இன்று நினைத்துப் பார்க்கிறோம். சிரித்தது நம் பிழை. ஒரு மரத்தில் மயிரிழை ஆழம் தவறினால் பட்டைக்குள்ளிருக்கும் மரத்தில் காயம் படும் என்று, இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் கை அறிந்து வெட்டும் வேலை அது. அந்த வேலையைப் பார்த்துப் பிள்ளை வெட்கப்படுகிறதென்றால், வெட்கம் வேலையில் இல்லை. அதற்குக் கொடுக்கும் கூலியிலும், அது முடிந்த பின் தெருவில் நிறுத்தும் வழக்கத்திலும் இருக்கிறது. அவற்றை மாற்றினால், ஒரு பிள்ளை 'பால் வெட்டுவேன்' என்று எழுதி, வகுப்பும் சிரிக்காமல் கேட்கிற நாள் வரலாம்.

கடை வைத்து அம்மாவை வேலைக்குப் போகாமல் வைத்துக்கொள்வேன் என்று வாசித்த பெண் பிள்ளை இன்று ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். கடை வைக்கவில்லை. ஆனால் தாயாரை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டார், தம்மோடு வைத்திருக்கிறார். நாம் அவரை எழுதியபடி ஆனவர்களின் கணக்கில் சேர்க்கவில்லை. இப்பொழுது யோசித்தால், நம் கணக்குத்தான் தவறு. எழுதியபடி ஆனவர்கள் மூவர் அல்ல, நால்வர்.

அடுத்த சனிக்கிழமை மாலை 6 மணிக்குக் கோயில் மண்டபத்தில் இருப்போம். சம்பளச் சீட்டு, சேமநிதிக் கடிதம், பள்ளிக் கடிதம், எதுவாயினும் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று கூச்சப்பட்டு எவரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். "உங்களுக்குப் படிக்கத் தெரிகிறதா என்று பார்ப்போம்" என்று கேட்டாலும் சரி. படித்துச் சொல்லக் காத்திருக்கிறோம்.